17சி நகல் யாரிடம் இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் பற்றிய சண்டை ஒவ்வொரு தேர்தலிலும் ஒரே மாதிரி தொடங்கி ஒரே மாதிரி ஓய்கிறது. தோற்ற தரப்பு, 'மெஷினில் ஏதோ செய்துவிட்டார்கள்' என்கிறது. வென்ற தரப்பு, 'நீங்கள் ஜெயித்தபோதும் இதே மெஷின்தானே' என்கிறது. இந்த இரண்டு பேச்சாலும் எதுவும் நிரூபணம் ஆகாது. இயந்திரத்தை ஹேக் செய்ய முடியுமா என்பதிலேயே எல்லோருடைய சக்தியும் செலவாகிறது. வந்த முடிவைச் சரிபார்க்க என்னென்ன காகிதங்கள் உண்டு, எந்த விதி எதைத் தருகிறது, எத்தனை நாளுக்குள் கேட்க வேண்டும் என்பதைப் பேசுவோர் மிகக் குறைவு. அதை எழுதவே இந்தக் கடிதம். அந்தக் காகிதங்களில் முதன்மையானது, ஒவ்வொரு சாவடியிலும் பதிவான வாக்குகளின் கணக்கைச் சொல்லும் 17சி படிவம்.

முதலில் சட்டம். 1982-ல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் இயந்திரம் முதன்முதலாகப் பயன்பட்டது. சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று சொல்லி, 1984-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சாவடிகளில் மறுவாக்குப்பதிவுக்கு உத்தரவிட்டது. இயந்திரத்தில் கோளாறு என்று நீதிமன்றம் சொல்லவில்லை. நாடாளுமன்றம் அனுமதிக்காத முறையைத் தேர்தல் ஆணையம் தானாகக் கொண்டுவர முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். அதன் பிறகே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 61ஏ பிரிவு சேர்ந்து 1989-ல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு 2001 சட்டப்பேரவைத் தேர்தலை முழுக்க இயந்திரத்தில் நடத்தியது. நாடு முழுவதும் 2004-ல். விவிபாட் என்னும் ஒப்புகைச் சீட்டுக் கருவி, காகிதச் சான்று இன்றியமையாதது என்று 2013 அக்டோபர் 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு படிப்படியாக வந்தது. வழக்கும் வாதமும் இல்லாவிட்டால் இன்று நம் கண்முன் ஏழு நொடி தெரியும் அந்தச் சீட்டே இருந்திருக்காது. ஆகவே கேள்வி கேட்பவர்களைத் தேசவிரோதிகள் என்று ஏசுவது வரலாறு தெரியாத பேச்சு.

அடுத்து இயந்திரம். சின்னம் ஒட்டிய பொத்தான்கள் உள்ள பேலட் யூனிட், எண்ணிக்கையைச் சேமிக்கும் கன்ட்ரோல் யூனிட், சீட்டை அச்சிடும் விவிபாட் என மூன்று பகுதிகள். ஒரு பேலட் யூனிட்டில் நோட்டாவையும் சேர்த்து 16 பேருக்குத்தான் இடம். 2024-ல் கரூரில் 54 பேர் நின்றபோது ஒவ்வொரு சாவடியிலும் நான்கு பேலட் யூனிட்டுகளை வரிசையாக வைத்தது இதனால்தான். எந்தப் பகுதியிலும் வைஃபையோ ப்ளூடூத்தோ இல்லை. வெளியே நிற்கும் வேனிலிருந்து எண்ணிக்கையை மாற்றினார்கள் என்ற கதையை இதோடு விட்டுவிடலாம்.

ஆனால் இயந்திரத்தை ஆதரிப்போர் வழக்கமாகச் சொல்லும் 'எந்தப் பொத்தான் எந்தக் கட்சி என்று மெஷினுக்கே தெரியாது' என்பது பாதி உண்மை. பேலட் யூனிட்டும் கன்ட்ரோல் யூனிட்டும் வரிசை எண்ணை மட்டுமே அறியும். விவிபாட்டுக்கு வேட்பாளரின் பெயரும் சின்னமும் தெரிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் சீட்டில் எதை அச்சிடும்? வேட்பாளர் பட்டியல் இறுதியான பிறகு, மடிக்கணினியிலிருந்து சின்னம் ஏற்றும் கருவி வழியாக அந்தத் தகவல் உள்ளே போகிறது. தேர்தல் அறிவித்த பின் வெளியிலிருந்து தரவு உள்ளே நுழையும் இடம் அது ஒன்றுதான். 2024 ஏப்ரல் 26-ஆம் தேதித் தீர்ப்பில் பழைய காகித வாக்குச்சீட்டு முறைக்குத் திரும்பவும், எல்லா விவிபாட் சீட்டுகளையும் எண்ணவும் மறுத்த உச்ச நீதிமன்றம், சின்னம் ஏற்றும் கருவிகளை முத்திரையிட்டு, முடிவு வந்து குறைந்தது 45 நாள் பாதுகாக்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான். சந்தேகத்தை எங்கே வைக்க வேண்டும் என்பதை அந்தத் தீர்ப்பே காட்டுகிறது.

இப்போது காகிதத்துக்கு வருவோம். வாக்குப்பதிவு முடிந்ததும் கன்ட்ரோல் யூனிட்டில் 'க்ளோஸ்' பொத்தானை அழுத்திவிட்டு, சாவடியின் தலைமை அலுவலர் 17சி படிவத்தின் முதல் பகுதியை நிரப்புகிறார். இயந்திரத்தின் அடையாள எண், சாவடியின் மொத்த வாக்காளர்கள், வாக்களிக்க வந்தவர்களைக் குறிக்கும் 17ஏ பதிவேட்டில் பதிவானவர்கள், பதிவேட்டில் ஏறியும் வாக்களிக்க மறுத்தவர்கள், ரகசியத்தை மீறியதால் அனுமதிக்கப்படாதவர்கள், புகார் வந்து போட்டுப் பார்த்ததால் கழிக்க வேண்டிய சோதனை வாக்குகள், இயந்திரம் காட்டும் மொத்தம், இவை ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்ற வரி, காகித முத்திரைகளின் கணக்கு ஆகியவை அதில் வருகின்றன. தேர்தல் நடத்துதல் விதிகளின் 49எஸ் விதிப்படி, கேட்டாலும் கேட்காவிட்டாலும் அங்கே இருக்கும் ஒவ்வொரு வேட்பாளரின் முகவருக்கும் கையொப்பமிட்ட நகலைத் தர வேண்டும். வாங்கியதற்கு முகவரிடம் ரசீதும் பெற வேண்டும்.

இந்த நகல்தான் ஆதாரம். எண்ணும் நாளில் மேசைக்கு வரும் கன்ட்ரோல் யூனிட்டின் எண் நகலில் உள்ளதுதானா, முத்திரை எண் அதேதானா, இயந்திரம் காட்டும் மொத்தம் நகலில் உள்ள மொத்தமா, வாக்குப்பதிவு முடிந்த நேரமாக இயந்திரம் காட்டுவது சாவடியில் குறித்த நேரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க எண்ணும் முகவருக்கு ஒரு நிமிடம் போதும். இரவோடு இரவாக இயந்திரத்தை மாற்றிவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு விடை அந்த ஒரு நிமிடத்தில் இருக்கிறது. ஆனால் நடைமுறையில் ஆறு மணிக்குக் களைத்துப்போன முகவர் நகலை வாங்காமலே கிளம்பிவிடுகிறார். வாங்கியவரும் சட்டைப்பையில் மடித்து வைத்து, எண்ணும் முகவரிடம் சேர்ப்பதில்லை. மூன்று மாதம் கழித்து மேடையில் முறைகேடு என்று முழங்கும் கட்சியிடம், 'உங்கள் 17சி நகல்கள் எத்தனை சாவடிக்கு இருக்கின்றன?' என்று கேட்டுப் பாருங்கள்.

எண்கள் பொருந்தாமல் போவதற்குப் பெரும்பாலும் மனிதக் கைதான் காரணம். வாக்குப்பதிவுக்கு 90 நிமிடம் முன்பு, முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 வாக்குகளை மாதிரியாகப் போட்டுக் காட்ட வேண்டும். நோட்டா உட்பட ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு வாக்காவது விழ வேண்டும். பிறகு க்ளோஸ், ரிசல்ட், க்ளியர் என்று வரிசையாக அழுத்தி எண்ணிக்கையைப் பூஜ்ஜியமாக்கி, விவிபாட்டில் விழுந்த மாதிரிச் சீட்டுகளை வெளியே எடுத்து, பின்புறம் முத்திரை குத்தி, கறுப்பு உறையில் வைத்து ஒட்ட வேண்டும். இதில் தவறு இரண்டு இடத்தில் நேர்கிறது. க்ளியர் அழுத்த மறந்தால் இயந்திரத்தின் மொத்தத்தில் அந்த 50 வாக்கு கூடுதலாக நிற்கும். சீட்டுகளை எடுக்க மறந்தால் இயந்திரம் சரியாக இருக்கும், சீட்டு எண்ணிக்கை கூடும். விவிபாட்டை இயக்கியதும் தன்னைச் சோதித்துக்கொள்ள அது ஏழு சீட்டுகளை அச்சிடும். எண்ணும்போது அவற்றையும் பிரித்து ஒதுக்க வேண்டும். 2019-ல் ஆந்திரத்தின் மைதுகூர் தொகுதியில் ஒரு சாவடியில் சீட்டும் எண்ணிக்கையும் பொருந்தாமல் போனதற்கு மாதிரி வாக்குகளை அழிக்காததே காரணம் என்று உச்ச நீதிமன்றத்தில் ஆணையம் விளக்கியது. வித்தியாசம் 50-ஐ ஒட்டி இருந்தால் முதலில் இங்கே பாருங்கள்.

இன்னொரு வகைத் தவறு எழுதுவதில் வருகிறது. அரியானாவின் பானிபட் மாவட்டம் புவானா லாக்கு ஊராட்சியில் 2022 நவம்பரில் தலைவர் தேர்தல் நடந்தது. ஒரு சாவடியில் இரு வேட்பாளர்களின் எண்கள் இடம் மாறி எழுதப்பட்டன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 ஆகஸ்டில் இயந்திரங்களை டெல்லிக்கே வரவழைத்து மறுபடி எண்ணினார்கள். ஒருவருக்கு 1,051, மற்றவருக்கு 1,000. உரியவர் பதவியேற்க ஏறக்குறைய மூன்று ஆண்டு ஆனது. இயந்திரம் சரியாகவே எண்ணியிருந்தது. அதிலிருந்து காகிதத்துக்கு எண்ணை மாற்றிய கைதான் தவறியது. இதைத் தடுக்க எந்தப் பொறியியல் வல்லுநரும் தேவையில்லை. அந்த மேசையில் கண் வைத்திருக்கும் ஒரு முகவர் போதும்.

வாக்குப்பதிவு விழுக்காடு பற்றிய சந்தேகத்தையும் இதோடு சேர்த்துப் பேச வேண்டும். 2024 ஏப்ரல் 19 அன்று மாலை தமிழ்நாட்டில் 72.09 விழுக்காடு என்று அறிவித்தார்கள். கடைசியில் அது 69.72 ஆகக் குறைந்தது. வேறு மாநிலங்களில் பதினோரு நாள் கழித்து வந்த எண் முதலில் சொன்னதைவிடக் கூடியிருந்தது. கூடினாலும் குறைந்தாலும் மக்களுக்குச் சந்தேகம் வருவது இயல்பே. பகல் முழுவதும் வெளிவரும் விழுக்காடு செயலி வழியாக அவ்வப்போது திரட்டும் மதிப்பீடு. எல்லாச் சாவடிகளிலிருந்தும் தகவல் வந்திருக்காது. நேரம் முடிந்தபோது வரிசையில் நின்று டோக்கன் வாங்கியவர்களின் வாக்கும் அதில் சேர்ந்திருக்காது. 17சி எண்ணோ அன்று இரவே முடிந்துபோன கணக்கு. மதிப்பீட்டை மாற்றலாம், 17சி-யை மாற்ற முடியாது. சந்தேகம் உள்ளவர்கள் விழுக்காட்டை விழுக்காட்டோடு ஒப்பிடுவதில் பயனில்லை. தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் முடிவுக்குப் பின் வெளியாகும் படிவம் 20-ல் சாவடிவாரியாக வாக்குகள் இருக்கும். அதன் மொத்தத்தை 17சி மொத்தத்தோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும்.

விவிபாட் சீட்டுகளை எத்தனை சாவடியில் எண்ணுவது என்பதுதான் இந்தச் சண்டையில் உண்மையிலேயே பதில் கிடைக்காத கேள்வி. இங்கே ஆணையத்தின் பக்கம் எனக்கு உடன்பாடில்லை. 2019 ஏப்ரல் 8-ஆம் தேதி உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பின், ஒவ்வொரு சட்டப்பேரவைத் தொகுதிக்கும் குலுக்கல் முறையில் ஐந்து சாவடிகள் என்பது நடைமுறை. அதற்கு முன் ஒன்றே ஒன்றுதான். நாடு முழுவதற்கும் 479 இயந்திரம் போதும் என்று இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் அறிக்கை ஒன்று சொன்னதை ஆணையம் அப்போது எடுத்துக்காட்டியது. இந்தியா முழுவதையும் ஒரே தொகுதியாக எண்ணினால்தான் அந்தக் கணக்கு பொருந்தும். தேர்தல் முடிவோ தொகுதிக்குத் தொகுதி தனியாக வருகிறது.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் ஒரு பேரவைத் தொகுதிக்குச் சுமார் 300 சாவடிகள் என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் 30 சாவடிகளில் கோளாறு இருந்தால், ஐந்தைக் குலுக்கி எடுக்கும்போது ஒன்றாவது சிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 41 விழுக்காடு. ஆறு சாவடிகளில் மட்டும் இருந்தால் பத்து விழுக்காட்டுக்கும் கீழே. ஆறு சாவடிகளில் தலா 100 வாக்குகள் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போனால் வித்தியாசம் 1,200 மாறும். பேரவைத் தேர்தலில் பல முடிவுகள் அதற்கும் குறைந்த வித்தியாசத்தில் வருகின்றன. மக்களவைத் தேர்தலில் நிலைமை வேறு. ஆறு பேரவைத் தொகுதிகள் சேர்ந்த ஒரு மக்களவைத் தொகுதியில் 1,800 சாவடிகளில் 30-ஐ எண்ணுகிறார்கள். பத்து விழுக்காட்டுச் சாவடிகளில் கோளாறு இருந்தால் சிக்கும் வாய்ப்பு 96 விழுக்காடு. வித்தியாசமும் பெரும்பாலும் பல்லாயிரத்தில் இருக்கும். ஆக, 'ஐந்து போதும்' என்பவரும் 'ஐந்து போதாது' என்பவரும் எந்தத் தேர்தல், எவ்வளவு வித்தியாசம் என்று சொல்லாமல் வாதிட்டால் இருவருமே தவறு. இந்தக் கணக்கு கோளாறு நடந்தது என்று சொல்லவில்லை. நடந்திருந்தால் கண்டுபிடிக்கும் வலை எவ்வளவு அகலக் கண்ணியோடு இருக்கிறது என்பதைச் சொல்கிறது. வித்தியாசம் குறையக் குறைய எண்ணும் சாவடிகளைக் கூட்ட வேண்டும். 1,000 வாக்குக்குக் கீழே வந்தால் அந்தத் தொகுதியின் சீட்டுகள் அனைத்தையும் எண்ண வேண்டும். சாவடிக்கு 700 வாக்கு என்றாலும் அது இரண்டு லட்சத்து சொச்சம் சீட்டு. ஓரிரு நாள் கூடுதலாக ஆகலாம், ஆகட்டும்.

இன்றைய விதியிலேயே ஒரு வாசல் இருக்கிறது. விதி 56டி படி, எண்ணிக்கை விவரம் அறிவித்ததும் வேட்பாளரோ அவரது முகவரோ எந்தச் சாவடியின் சீட்டுகளை எண்ண வேண்டும் என்று காரணத்தோடு எழுதித் தரலாம். தேர்தல் நடத்தும் அலுவலர் ஏற்றாலும் மறுத்தாலும் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். சீட்டும் இயந்திரமும் மாறுபட்டால் சீட்டின் எண்ணிக்கையே செல்லும். அந்த மனு 'முறைகேடு நடந்ததாகச் சந்தேகம்' என்று பொதுவாக இருந்தால் தள்ளுபடி ஆகும். '112-ஆம் சாவடி, 17சி மொத்தம் இவ்வளவு, இயந்திரம் காட்டியது இவ்வளவு, நகல் இணைப்பு' என்று இருந்தால் எளிதில் தள்ள முடியாது.

வாட்ஸ்அப்பில் தேர்தலுக்குத் தேர்தல் சுற்றும் ஒரு செய்தியை இங்கே மறுத்தாக வேண்டும். பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் ஆதாரைக் காட்டி 'சேலஞ்ச் ஓட்டு' போடலாம், 14 விழுக்காட்டுக்கு மேல் 'டெண்டர் ஓட்டு' விழுந்தால் மறுவாக்குப்பதிவு என்பது அந்தச் செய்தி. இரண்டுமே பொய். பட்டியலில் பெயர் இல்லாதவர் வாக்களிக்கவே முடியாது. 'சேலஞ்ச்' என்பது, வந்திருப்பவர் உண்மையான வாக்காளர்தானா என்று முகவர் இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபிப்பது. 'டெண்டர்' என்பது, நம் வாக்கை வேறொருவர் போட்டுவிட்டால் விதி 49பி-யின் (49P) கீழ் காகித வாக்குச்சீட்டில் வாக்களிப்பது. அது தனி உறையில் முத்திரையிடப்படும். வழக்கமான எண்ணிக்கையில் சேராது, தேர்தல் வழக்கில்தான் அதற்கு வேலை. மறுவாக்குப்பதிவுக்கு 14 விழுக்காடு என்ற வரம்பு எந்தச் சட்டத்திலும் இல்லை.

அதேபோல, சீட்டில் வேறு சின்னம் விழுந்தது என்று புகார் சொல்பவருக்கு விதி 49எம்ஏ. எழுத்தில் உறுதிமொழி தந்தால், முகவர்கள் முன்னிலையில் சோதனை வாக்கு போடச் சொல்வார்கள். தவறான சின்னம் வந்தால் வாக்குப்பதிவை உடனே நிறுத்த வேண்டும். சரியான சின்னம் வந்தால் புகார் பொய்யென்று ஆறு மாதம் வரை சிறைக்கு வழி உண்டு. முன்பு ஒருமுறை தவறியது மறுமுறை தவறாமல் போகலாம் என்பதால் இந்தத் தண்டனை நியாயமற்றது என்றே நினைக்கிறேன். இதை நீக்கச் சொல்வது நியாயமான அரசியல் கோரிக்கை.

முடிவுக்குப் பின் கெடுக்கள் மிக முக்கியம். இரண்டாம், மூன்றாம் இடம் பெற்றவர்கள் ஏழு நாளுக்குள் எழுதிக் கேட்டால், பேரவைத் தொகுதிக்கு 5 விழுக்காடு இயந்திரங்களில் நிரல் பதிந்துள்ள சில்லான மைக்ரோகன்ட்ரோலரைத் தயாரிப்பு நிறுவனப் பொறியாளர்கள் சோதிப்பார்கள். 2024-ல் இதற்கு ஒரு தொகுப்புக்கு 47,200 ரூபாய் கட்டணம். கோளாறு நிரூபணமானால் திரும்பக் கிடைக்கும். தேர்தல் வழக்கை 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். நாற்பத்தாறாம் நாள் எந்த ஆதாரமும் செல்லாது. ஆறு மாதத்துக்குள் விசாரணையை முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடப்பது வேறு. ராதாபுரம் பேரவைத் தொகுதியில் 2016-ல் வித்தியாசம் 49 வாக்கு. சர்ச்சை இயந்திரத்தில் தொடங்கவும் இல்லை. தலைமையாசிரியர் சான்றொப்பமிட்ட 203 தபால் வாக்குகளை நிராகரித்ததில் தொடங்கியது. மறு எண்ணிக்கைக்கு உயர் நீதிமன்றம் 2019-ல்தான் உத்தரவிட்டது. எண்ணிய முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2021-ல் அந்தப் பேரவையின் காலமே முடிந்துபோனது.

'ஜெர்மனியே தடை செய்துவிட்டது' என்பதற்கும் ஒரு வார்த்தை. 2009 மார்ச் 3-ஆம் தேதி அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம், 2005 தேர்தலில் பயன்பட்ட இயந்திரங்கள் அரசியல் சாசனத்துக்கு முரணானவை என்றது. தேர்தலை ரத்து செய்யவில்லை. தொழில்நுட்ப அறிவில்லாத சாதாரணக் குடிமகனும் முடிவைத் தானே சரிபார்க்க முடிய வேண்டும் என்பதே அடிப்படை. அந்த இயந்திரங்களில் காகிதச் சீட்டு கிடையாது. நம்மிடம் இருக்கிறது, ஆனால் மிகப் பெரும்பாலான சீட்டுகள் எண்ணப்படாமலே கிடக்கின்றன. ஜெர்மனியின் தீர்ப்பை மேற்கோள் காட்டுவோர் எடுத்துச் சொல்ல வேண்டியது இதைத்தான்.

17சி படிவங்களை இணையத்தில் ஏற்றச் சொல்லி 2024 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் கேட்டபோது, முகவரைத் தவிர வேறு யாருக்கும் தரச் சட்டத்தில் இடமில்லை, படத்தை மாற்றிப் பரப்புவார்கள் என்று ஆணையம் எதிர்த்தது. தேர்தல் நடந்துகொண்டிருந்ததால் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு தரவில்லை. மாற்றிப் பரப்புவார்கள் என்ற அச்சத்துக்கு மருந்து மூலப் படிவத்தை ஆணையமே வெளியிடுவதுதான். போலி வந்தால் பக்கத்தில் வைத்துப் பார்க்க அசல் வேண்டுமல்லவா? டிஜிட்டல் கையொப்பத்தோடு 48 மணி நேரத்துக்குள் ஏற்றுவது 2024-ல் சுமார் 68,000 சாவடிகள் இருந்த ஒரு மாநிலத்துக்குப் பெரிய வேலை அல்ல. சாவடிக்கு ஒரு படிவம்தான்.

அதுவரை தங்கள் நாளிதழே ஒன்று செய்யலாம். அடுத்த தேர்தலில் ஏதேனும் ஒரு தொகுதியைத் தேர்ந்தெடுத்து, எல்லாக் கட்சி முகவர்களிடமிருந்தும் 17சி நகல்களைத் திரட்டுங்கள். ஒரே சாவடிக்கு இரு கட்சிகளின் நகலும் கிடைத்தால் முதலில் அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். பிறகு படிவம் 20 வந்ததும் சாவடி எண், 17சி மொத்தம், படிவம் 20 மொத்தம், வித்தியாசம் என நான்கு பத்தியில் 300 வரிகளை அச்சிடுங்கள். நோட்டாவைக் கூட்ட மறக்க வேண்டாம். தபால் வாக்குகளைச் சேர்க்கவும் வேண்டாம். மாதிரி வாக்கை அழிக்காததால் ஒதுக்கிவைத்த இயந்திரங்கள் இருந்தால் அந்தச் சாவடிகளைத் தனியாகக் குறியுங்கள். நகல் கிடைக்காத சாவடிகளையும் எந்தெந்தக் கட்சியின் முகவர் வாங்கவில்லை என்பதோடு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருநெல்வேலி